ஊமைப்படத்துக்கு மைக் செட்

கல்வராயன் மலையில் ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பழைய ஊமைப்படம் ஒன்றைப் போட்டார். ஊரைக் கூப்பிட அவர் வரவழைத்த மைக் செட் என்னுடையது. படம் ஓட ஓட ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னாப்பா, செட்டு புட்டுக்கிச்சா?" என்றார் நாட்டாமை.

"படமே அப்பிடித்தாங்க" என்றேன். யாரும் நம்பவில்லை. இனி திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராம், ஆசிரியர் சொல்லியிருந்தார். நான் அஞ்சாவதோடு நின்றவன். படத்துக்கு நடுநடுவே வசனமாக வரும் எழுத்து, படிப்பதற்குள் மறைந்துவிடும். மைக்கை எடுத்து, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"பொண்டாட்டிகிட்ட கோச்சிக்கினு போறாருங்க."

"போவட்டும், சோத்துக்கு வந்துதான ஆவணும்!" என்றாள் ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

படம் முடிந்ததும் நாட்டாமை வந்தார். "திருவிழாவுக்கும் நீயே வாப்பா. ஆனா நல்ல செட்டா எடுத்துக்கினு வா."