ஆட்டாம வெச்சா ஆறிடுமா?

எங்க பிசியோதெரபி தொழில்ல நோயாளி தனியா வர்றதே கெடையாது, தெருவுல இருக்கிற அத்தனை பேரோட வைத்தியத்தையும் கூடவே கூட்டிக்கிட்டுத்தான் வருவாங்க. புதுச்சேரி முதலியார்பேட்டையில சின்னதா ஒரு கிளினிக் வெச்சிருக்கேன். வலியைக் கொறைக்கறது பெரிய வேலையே இல்லை. அந்தத் தெரு வைத்தியத்தை மண்டையிலேர்ந்து எறக்கறதுக்குள்ள எனக்கு வாய் வலிச்சுப் போவும். நீங்களும் இதையெல்லாம் கேட்டுத்தான் வளந்திருப்பீங்க, அதனால என் பாடு உங்களுக்குப் புரியும். இந்தக் கோடையில நடந்ததை மட்டும் சொல்றேன்.

கட்டி வெச்ச கை

பிலோமினா அக்கா தேங்காய்த்திட்டு துறைமுகத்துல மீன் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில தலைச்சுமையா எங்க பக்கத்துத் தெருவெல்லாம் விக்கறவங்க. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சு விசைப்படகெல்லாம் கரையில கட்டினப்புறம் ஒரு நாள் வந்தாங்க. வலது கையைத் துண்டால கழுத்தோட சேத்துக் கட்டியிருந்தாங்க. விழுந்தீங்களா, அடி கிடி பட்டுச்சான்னு கேட்டா ஒண்ணும் இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்துல தோள் லேசா வலிச்சிருக்கு. "ஆட்டாதே, ஆட்டினா ஜவ்வு கிழிஞ்சிடும்"னு பக்கத்து வூட்டம்மா சொல்லியிருக்காங்க. அன்னிக்குக் கட்டின கை, கூடை தூக்கக் கூலிக்கு ஒரு ஆளை வெச்சு ஓட்டியிருக்காங்க, அந்த ஆளும் இப்போ நின்னாச்சு. தோள் அப்படியே இறுகிப் போய், தலை சீவக்கூட மருமக வரணும்னு ஆயிடுச்சு.

எனக்கு வந்த கோவம் இருக்கே! "பூட்டியே போட்டு வெச்ச கதவு மாதிரி ஆயிடுச்சுக்கா, கொஞ்சம் கொஞ்சமாத் தெறந்து மூடினாத்தான் வழிக்கு வரும்"னேன். அக்காவுக்கு என் விளக்கமெல்லாம் வேணாம். இடது கையில அருவாமனையும் தராசும் இருக்கும், தலையில இருக்கிற கூடையை வலது கைதான் புடிக்கணும். தடை முடிஞ்சு படகு மீனோட திரும்பற அன்னிக்கு அவங்க கெளம்பலைன்னா, அவங்க வாடிக்கைத் தெருவுல செல்வின்னு இன்னொரு பொம்பளை கூடையோட எறங்கிடும். சும்மா பயம் இல்லை, செல்வி வூடு வூடாப் போய் இப்பவே சொல்லி வெச்சிருக்கு.

"நீ இன்னா பண்ணுவியோ ஏது பண்ணுவியோ டாக்டரம்மா, தடை முடியறதுக்குள்ள இந்தக் கை கூடையைப் புடிக்கணும்."

சாத்தின ஜன்னல்

அக்கா வர்ற அதே நேரத்துக்குக் கழுத்து வலின்னு ஒரு முசியே வருவாரு, பிரெஞ்சு பேசற பெரியவரை எங்க ஊர்ல அப்படித்தான் கூப்புடுவோம். பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதாவது சிப்பாயா இருந்து பென்ஷனோட ஊர் திரும்பினவரு. மே மாச வெயில்ல கழுத்துல மப்ளர்! உள்ள வந்ததும் "பொன்ழூர் மதாம்"னு வணக்கம் வெச்சுட்டு நேரா போய் ஜன்னலைச் சாத்துவாரு, ஃபேனை நிறுத்துவாரு. எதிரெதிர் ஜன்னல் தெறந்திருந்தா நடுவுல ஓடற காத்து கழுத்தைப் புடிச்சுக்குமாம். அதுக்கு ‘கூராந்தேர்’னு பிரெஞ்சுல ஒரு பேரு வேற சொல்லுவாரு. "நாள் பூராக் குனிஞ்சு டேப்லெட்ல சீட்டாடறீங்களே முசியே, அதுலதான் புடிக்குது"ன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன். மனுஷன் அசையல.

ஒரு நாள் எல்லாரும் இட்லி மாதிரி வெந்துக்கிட்டிருந்தோம். சுவத்துல விரலால கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்தற பயிற்சி செஞ்சுக்கிட்டிருந்த பிலோமினா அக்கா, பொசுக்குன்னு போய் ரெண்டு ஜன்னலையும் தெறந்து வுட்டாங்க.

"காத்து கழுத்தைப் புடிக்கும்னா, தேங்காய்த்திட்டுல ஒருத்தனும் இந்நேரம் திரும்பிப் பாக்க முடியாது முசியே."

சோத்தை விட்டவர்

மில்லுல வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒருத்தர், முட்டி வலிக்கு வந்தாரு. எடை கொறைஞ்சாத்தான் முட்டி பொழைக்கும்னு சொல்லியிருந்தேன். அவரும் சோத்தை அடியோட வுட்டுட்டு சப்பாத்திக்கு மாறிட்டாரு. மாசக் கடைசியில எடை பாத்தா முள்ளு முன்னைக்கு மேல நிக்குது. "ஒரு வேளைக்கு எவ்வளோ சாப்புடறீங்க?"ன்னு கேட்டேன். "சப்பாத்திக்குக் கணக்கு உண்டா? அது உடம்பைக் கொறைக்கத்தானே செய்யும்!"ன்னு என்னையே கேட்டாரு. பக்கத்துல அவரு சம்சாரம் கையை நீவிக்கிட்டிருந்தாங்க.

"அவரு முட்டியை அப்புறம் பாருங்க, மொதல்ல மாவு பிசையற என் மணிக்கட்டைப் பாருங்க."

மழைக்கோட்டுத் தம்பி

செல்போன் கடை வெச்சிருக்கிற ஒரு தம்பிக்கு அடுத்த மாசம் கல்யாணம். தொப்பை கரையணும்னு சாயந்திரம் கடற்கரைச் சாலையில மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு ஓடியிருக்கு. எவ்வளோ வேர்க்குதோ அவ்வளோ கொழுப்பு உருகுதாம். கெண்டைக்கால் சதை புடிச்சு ரோட்டுலயே சுருண்டு விழுந்ததுல, கூட்டாளிங்க தூக்கிக்கிட்டு வந்தாங்க. "ஓடி முடிச்சா எடை கொறையுது மேடம், நானே பாத்தேன்"னு சத்தியம் பண்ணுச்சு. "கொறைஞ்சது தண்ணிப்பா, குடிச்சா திரும்ப ஏறிடும்"னேன். தம்பி மூஞ்சில அப்படி ஒரு பெருமை.

"அது தெரிஞ்சுதான் மேடம் நான் தண்ணியே குடிக்கிறதில்லை."

வலிச்சாத்தான் வைத்தியம்

நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு. அக்கா கை காது ஒசரம் வரைக்கும் வந்துடுச்சு. அவங்களே தலை சீவிக்கிட்டு வந்த அன்னிக்கு எனக்குத்தான் சந்தோஷம் தாங்கல. படகு கெளம்ப இன்னும் ஒரு வாரம்னு இருக்கும்போது, தோள் வீங்கி, மூஞ்சி சுண்டிப் போய் வந்து நிக்கறாங்க. வலி இருந்தாத்தான் பயிற்சி வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு யாரோ ஓதியிருக்காங்க. மருமகனை வுட்டு கையைப் புடிச்சு மேல இழுக்கச் சொல்லியிருக்காங்க! அந்த ஆளு வலை இழுக்கிற ஆளு.

தலையில அடிச்சுக்கிட்டேன். ஐஸ் வெச்சு, ரெண்டு நாள் ஒண்ணும் செய்யாம வுட்டு, திரும்பக் கீழேருந்து ஆரம்பிச்சோம். செல்வி புதுக் கூடையே வாங்கிட்டதா அக்கா சொன்னப்போ அவங்க கண்ணு கலங்கிடுச்சு. "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"ன்னு மட்டும் கேட்டேன்.

"நீ சொன்ன வலிக்காத வைத்தியத்துல எனக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சு பாப்பா, காரமே இல்லாத மீன் கொழம்பு மாதிரி இருந்துச்சு."

படகு வந்த அன்னிக்கு

தடை முடிஞ்சு மொதப் படகு வந்த அன்னிக்கு, மனசு கேக்காம நானே ஸ்கூட்டி எடுத்துக்கிட்டு துறைமுகத்துக்குப் போயிட்டேன். ஒரே கூச்சல், ஐஸ் தண்ணி, மீன் வாடை. நான் சொன்னபடி அக்கா பாதிக் கூடைதான் எடுத்திருந்தாங்க. அங்க ஒரு வழக்கம் உண்டு, தலைக்குக் கூடை ஏத்தறப்போ பக்கத்துல யார் நின்னாலும் கை குடுக்கணும். அன்னிக்குப் பக்கத்துல நின்னது செல்வி. முகத்தை உம்முனு வெச்சுக்கிட்டுத்தான் தூக்கி வுட்டுச்சு. அக்காவோட வலது கை மெதுவா ஏறி, காதுக்கிட்ட ஒரு தடவை நின்னு, அப்புறம் கூடை விளிம்பைக் கப்புனு புடிச்சுச்சு. நான் ஒரு ஓரமா நின்னு பொலபொலன்னு அழுதுட்டேன், வெக்கமே இல்லாம.

தூக்கி வுட்டுட்டுத் திரும்பின செல்வி, ஐஸ் தண்ணியில வழுக்கி விழுந்துடுச்சு. கணுக்கால் கண்ணெதிர்லயே வீங்குது. தலையில கூடையோட அக்கா கத்தறாங்க: "உக்காராதடி! ஆட்டு, நல்லா ஆட்டு! எதுவா இருந்தாலும் ஆட்டினா சரியாயிடும், டாக்டரம்மா வைத்தியம்!" செல்வியும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆட்ட ஆரம்பிச்சுடுச்சு. நான் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு ஓடறேன், "ஐயையோ, ஆட்டாதே! ஆட்டாதே!"ன்னு. துறைமுகமே என்னைத் திரும்பிப் பாக்குது. எலும்பு உடைஞ்சிருக்கான்னு பாக்காம காலைத் தரையில வைக்கக் கூடாதுன்னு சொல்லி, ஐஸ் கட்டி வெச்சு, ஆட்டோ வரச் சொன்னேன். செல்விக்குக் கால் வலியை விட, ஏலம் எடுத்த மீன் வீணாப் போவுதேன்னுதான் அழுகை. அக்கா தலைக் கூடையோட கிட்ட வந்தாங்க.

"அழுவாதடி, உன் கூடையையும் நானே வித்துக் குடுக்கறேன், ரெட்டிப்பாத் தூக்கினா என் தோளுக்கும் ரெட்டிப்பு நல்லதுன்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்கு."

நம்ம ஜனங்க தலையிலேர்ந்து ஒரு மூட நம்பிக்கையை எறக்கி வெச்சா, அந்த எடத்தைச் சும்மா வுடாம இன்னொண்ணை ஏத்தி வெச்சுடறாங்க, அதுவும் நம்ம பேரைச் சொல்லியே.