பெண்கள் ஃபைனலுக்குப் பூட்டிய ஜிம்

வெயிலில் காய்ந்த தகரக் கூரை, மரத்தரைக்குப் போட்ட பாலிஷ், அத்தனை பேரின் வியர்வை... எல்லாம் கலந்து ஒரு வாசனை மூக்கில் ஏறும். எங்கள் காலேஜ் ஜிம்முக்குள் நுழைந்தால் முதலில் அதுதான்.

போன வாரம் பழைய மாணவர்கள் குரூப்பில் யாரோ அந்த ஜிம்மின் போட்டோ போட்டார்கள். ஆளாளுக்கு நினைவுகள். நடுவில் ஒருவர், "அப்போல்லாம் பாய்ஸ் மேட்ச்னா நிக்க இடம் இருக்காது. லேடீஸ் மேட்ச்சுக்கு யாரு வந்தா?" என்று எழுதி, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்.

யாரு வந்தாவா?

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். செகந்திராபாத்தில் காலேஜ். மல்காஜ்கிரியிலிருந்து நானும் விஜயாவும் ஒரே பஸ்ஸில் போவோம். என் அப்பாவுக்கு டிஃபென்ஸ் லேபில் வேலை. அவள் அப்பா ரயில்வேயில் கார்டு. தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். அவள் தமிழில் தெலுங்கும் உருதுவும் தாராளமாகப் புழங்கும். காலேஜ் பெண்கள் பாஸ்கெட்பால் டீமுக்கு அவள்தான் கேப்டன். நான் ஆடியதே இல்லை. கேலரியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவது மட்டும்தான் என் வேலை.

அந்த வருஷம் எங்கள் பெண்கள் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். ஊரெல்லாம் பேச்சு. செமிஃபைனலுக்கு பாலாநகர் ஃபாக்டரிகளில் காலை ஷிஃப்ட் முடித்தவர்கள் யூனிஃபார்மோடு சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ரயில்வே காலனிக் குடும்பங்கள் டிபன் கட்டிக்கொண்டு வந்தன. கேலரி நிரம்பி, ஜன்னல் கம்பியெல்லாம் ஆட்கள். விஜயா பந்தைத் தட்டியபடி திரும்பினால் போதும், "விஜ்ஜி... விஜ்ஜி..." என்று எல்லோரும் காலால் பலகையைத் தட்டுவார்கள். உத்தரத்தில் இருந்த புறாக்கள் பயந்துபோய் பறக்கும்.

ஃபைனல் அன்று மதியம் போனால்... ஜிம் கதவில் பூட்டு.

ஃபிசிகல் டைரக்டர் வாசலில் நின்றிருந்தார். "ஃப்ளோர்கி பாலிஷ் வேசாமு அம்மா. ரேப்பு மென்ஸ் ஃபைனல் உந்தி" என்றார். தரைக்கு பாலிஷ் போட்டாயிற்றாம். நாளைக்கு ஆண்கள் ஃபைனலாம். சீஃப் கெஸ்ட் வேறு வருகிறாராம். நாங்கள் பின்னால் இருக்கும் சிமென்ட் கோர்ட்டில் ஆடிக்கொள்ளலாமாம்.

"எங்களோடதும் ஃபைனல்தானே சார்?" என்று விஜயா தெலுங்கில் கேட்டாள்.

"அட்ஜஸ்ட் சேஸ்கோ அம்மா."

அட்ஜஸ்ட்! இன்றைக்கும் அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பின்னால் நின்ற ஃபாக்டரி ஆள் ஒருவர் சும்மா இருக்கவில்லை. "கைக்கு சாப்? லட்கியான் கேலே தோ ஃப்ளோர் டூட் ஜாத்தா க்யா?" என்று குரல் கொடுத்தார். ஏன் சார், பெண்கள் ஆடினால் தரை உடைந்துவிடுமா என்று! கூட்டம் ஹோவென்று சேர்ந்துகொண்டது. டைரக்டர் விறுவிறுவென்று ஆபீஸுக்குள் போய்விட்டார்.

"ஆடாதீங்கடி. எல்லாரும் வீட்டுக்குப் போலாம் வாங்க" என்றேன் நான்.

"நக்கோ டீ, வேணாம்" என்றாள் விஜயா. "போனா பயந்து ஓடிட்டாங்கம்பாங்க. இவ்ளோ ஜனம் வந்திருக்கு பாரு. ஆடித்தான் காட்டணும்."

ஆடினார்கள். வெயில் சுட்டெரித்தது. சிமென்ட் விரிசலில் பட்ட பந்து எங்கேயோ எகிறியது. ஜனங்கள் காம்பவுண்டு சுவரிலும் சைக்கிள் ஸ்டாண்டு கூரையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். தட்டுவதற்குப் பலகை இல்லையா... டிபன் டப்பாவைத் தட்டினார்கள். விஜயா ஒருமுறை விழுந்து முட்டி முழுக்கத் தோல் வழன்றது. கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

ஜெயித்தோம்.

ஆனால் கப் அன்றைக்குக் கிடையாது. மறுநாள் ஆண்கள் மேட்ச் முடிந்த பிறகு, ஜிம்மில்தான் தருவார்களாம். போனோம். எங்கள் பெண்களைச் சுவர் ஓரமாக நிற்க வைத்து, "தரை மேல நடக்கக் கூடாது, பேர் கூப்பிட்டா சைடு வழியா வாங்க" என்று ஒரு லெக்சரர் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது சீஃப் கெஸ்ட் வந்தார். காலில் தோல் ஷூ. டக் டக்கென்று அந்த மரத்தரையின் நட்ட நடுவில் நடந்து வந்தார். பின்னால் மாலையும் கையுமாகப் பத்துப் பதினைந்து பேர். முன்னால் சிரித்துக்கொண்டே வழிகாட்டியவர் யார் தெரியுமா? அதே ஃபிசிகல் டைரக்டர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விஜயா பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் சுவர் ஓரத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நொண்டிக்கொண்டே நடு கோர்ட்டுக்கு வந்து, அங்கிருந்து நேராக மேடைக்கு நடந்தாள். அவள் பின்னால் மொத்த டீமும். "சைடு... சைடு..." என்று டைரக்டர் கையை ஆட்டினார். யார் கேட்டது? கேலரி அதிர ஆரம்பித்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. கப்பை வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்தாள்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வருஷ காலேஜ் மேகஸினில், ஃபைனலில் தோற்ற ஆண்கள் டீமுக்கு முழுப் பக்கப் போட்டோ. ஜெயித்த எங்களுக்கு ஒரே வரி. அதிலும் கேப்டன் பெயர் தப்பு. ஆபீஸுக்குப் போய் நான் கத்திய கத்தலில் ஒன்றே ஒன்று நடந்தது: அடுத்த வருஷத்திலிருந்து பெண்கள் ஃபைனலுக்கும் ஜிம்மைத் திறந்துவிட்டார்கள்.

இப்போது அந்த ஜிம் இல்லை. இடித்துவிட்டு கார் நிறுத்துகிறார்கள்.

என் எதிர் ஃப்ளாட் பெண் பாஸ்கெட்பால் ஆடுகிறாள். ஏசி ஸ்டேடியம், பளபளக்கும் தரை, எவரும் எவரையும் வெளியே அனுப்புவதில்லை. சந்தோஷம்தான். ஆனால் கேலரியில் நாலு அப்பா அம்மா, எல்லோர் கையிலும் போன். போன ஞாயிறு அவள் ஒரு பாஸ்கெட் போட்டதும் நான் எழுந்து நின்று கத்தினேன். செக்யூரிட்டி ஓடி வந்து, "மேடம், தோடா சைலன்ட் ப்ளீஸ்" என்றான்.

"நீ போப்பா" என்று சொல்லிவிட்டு இன்னும் உரக்கக் கத்தினேன். கத்துவது யாரென்று கீழே அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.