ஆனா ஆவன்னாவிலிருந்து

பல் துலக்கிய கையோடு கண்ணாடி முன் நின்று வாயைத் திறக்கிறார் மைக் அக்கா. "அ... ஆ... இ... ஈ..." பிறகு உதட்டைக் குவித்து, "உ... ஊ..." முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரத்துக்குக் காத்திருக்கும் கணவர், "சீக்கிரம் ஔவுக்கு வாம்மா, நுரை காயுது" என்பார். அவசரப்படுத்தினால் போச்சு. அக்கா வேண்டுமென்றே மறுபடி 'அ'வுக்குப் போய்விடுவார்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவர் அவர். வண்டி தாமதம் என்று சொன்னால்கூடக் கேட்பவருக்குக் கோபம் வராது, அப்படியொரு குரல். வாயாடியும்கூட. அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. அந்த வாயைத்தான் பக்கவாதம் கட்டிப்போட்டது. கையும் காலும் சீக்கிரமே வழிக்கு வந்தன, பேச்சு வரவில்லை. தண்ணீர் கேட்க நினைத்தால் முனகல்தான் வந்தது. பார்க்க வந்த அண்ணி, "பாவம், இனிமே ஆனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிக்கணும்" என்று மூக்கைச் சிந்தினார்.

பேச்சுப் பயிற்சி தர வந்திருந்த பெண் சிரித்துவிட்டாள். "அதையேதாங்க செய்யப் போறோம். 'அ'வுக்கு நாக்கை மடிக்க வேணாம், உதட்டைக் குவிக்க வேணாம். வாயைத் திறந்து குரல் விட்டாப் போதும், வந்துடும். அதை முதல் எழுத்தா வெச்சது சும்மா இல்ல. எங்க, திறங்க."

அக்கா திறந்தார். "அ." துருப்பிடித்த கதவு போலத்தான் இருந்தது. ஆனால் சந்தேகமில்லாமல் அது 'அ'. கணவர் கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

'ஆனா ஆவன்னாவுல இருந்து' என்று ஊரே அலுப்போடு சொல்கிற அந்தச் சொல் அன்று முதல் அக்காவுக்குச் செல்லமாகிவிட்டது. பேச்சு திரும்பிய பின் யார் கேட்டாலும் சொல்வார்: "திரும்ப முதல்ல இருந்தான்னு எல்லாரும் சலிச்சுக்கறாங்க. முதல்னு ஒண்ணு மிச்சம் இருக்கறதே பெரிய விஷயம்ங்க!"

முரண்டு பிடித்தது ழகரம் மட்டும். வேலைக்குத் திரும்பிய அன்று நிலைய அதிகாரி தயங்கினார். "இப்ப பதிவு பண்ணின குரல் ஓடுதுக்கா. நீங்க விசாரணைக் கவுண்டர்ல நிம்மதியா உக்காருங்களேன்."

"நிம்மதியா உக்கார நான் என்ன மூட்டையா? ஒரே ஒரு வண்டி குடுங்க. சொதப்பினா நானே எந்திரிச்சுடறேன்."

அரைமனதாக ஒப்புக்கொண்டார். அக்கா மைக் முன் உட்கார்ந்த நேரம் பார்த்து, வரவேண்டிய வண்டி வேறு நடைமேடைக்கு மாறியது. ஏழுக்கு! அதிகாரிக்கு வியர்த்தது. "அக்கா, இது வேணாம். அடுத்த வண்டி பாத்துக்கலாம்."

அக்கா பொத்தானை அமுக்கினார். "பயணிகள் கவனத்திற்கு. வண்டி நடைமேடை ஏ..." நாக்கு தடுமாறியது. அக்கா நாக்கை மேலே மடித்தார். "...ஏழுக்கு வந்துகொண்டிருக்கிறது."

வழுக்காமல், மழுங்காமல், உருண்டு வந்து விழுந்தது 'ழு'. நடைமேடையில் சுமை தூக்குபவர் ஒருவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். "டேய், நம்ம மைக் அக்காடா!" தேநீர்க் கடையிலிருந்து விசில் பறந்தது. கூட்டம் மூட்டை முடிச்சோடு ஏழாம் நடைமேடையை நோக்கி ஓடியது.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்க்கா, இன்னிக்கு ஓய்வெடுங்க" என்று மைக்கை அணைக்கக் கை நீட்டினார். அக்கா அந்தக் கையைச் செல்லமாகத் தட்டிவிட்டு, நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.