பின்வளவில் தேடிய வருடம்

உலோகம் தேடும் மெஷினோடு வயல்களில் திரிகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. நானும் அதில் இருக்கிறேன். டிசம்பர் வந்ததும் அங்கே எல்லோரும் தங்கள் வருடத்தைப் பற்றி எழுதத் தொடங்குவார்கள். ஒருவர் தேய்ந்த வெள்ளிக்காசொன்றை உள்ளங்கையில் வைத்துப் படம் போடுவார். இன்னொருவர் பழங்காலத்து வெண்கலக் கொக்கி ஒன்றைப் போடுவார். கீழே அடுத்த வருடத்துத் திட்டம் இருக்கும்: புதிதாக ஒரு பண்ணையில் அனுமதி வாங்க வேண்டும், சாவதற்குள் ஒரு தங்கக்காசாவது எடுத்துவிட வேண்டும். இந்த முறை நீங்களும் எழுதுங்கள் என்று ஒருவர் கேட்டார். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

எங்களுடையது லண்டன் இல்ஃபோர்டில் ஒரு வரிசை வீடு. பின்னால் சின்ன வளவு. புல், வேலியோரம் மனைவி நட்ட ரோஜாச் செடிகள், உடுப்புக் காயப்போடுகிற இரும்புக் கம்பம் ஒன்று. அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கணினி வேலை, மேல்மாடி ஜன்னலருகே இருந்துதான் வேலை செய்வாள். ஜனவரியில் ஒருநாள் நான் பால் வாங்கிக்கொண்டு வரும்போது அவள் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள்.

“அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. ஆன்ட்டி இப்பத்தான் தோட்டத்துல உக்காந்து கரண்டியால மண்ணைத் தோண்டிட்டு இருந்தாங்க. இந்தக் குளிர்ல ஸ்வெட்டர்கூட இல்ல. கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து, வாயில விரல வெச்சு ‘உஷ்’னு காட்டினாங்க.”

உள்ளே போனேன். மனைவி குசினியில், பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நகங்களுக்குள் மண். கழுத்து வெறுமையாக இருந்தது. தாலிக்கொடியைக் காணவில்லை.

அவளுக்கு மறதி நோய் என்று வைத்தியர்கள் சொல்லி அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அறுபதைத் தொடாதவளுக்கு இந்த நோய் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஈஸ்ட் ஹாமில் ஒரு மருந்துக் கடையில் நெடுங்காலம் வேலை செய்தவள். கடைக்குள் வருகிற ஒவ்வொரு கிழவருக்கும் என்ன குளிசை, எப்போது முடியும் என்று கணினியைப் பார்க்காமலே சொல்வாள். முதலில் குளிசைகளின் பெயர்கள் போயின. பிறகு பஸ் இலக்கம். பிறகு வாரத்தின் நாட்கள்.

“கொடி எங்கை?” என்று கேட்டேன்.

“பத்திரமாய் இருக்கு.”

“எங்கை வைச்சிருக்கிறீர்?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “அவங்கள் வந்து அடிச்சுக் கேட்டால் நீங்கள் சொல்லிப்போடுவியள். தெரியாமல் இருக்கிறதுதான் உங்களுக்கு நல்லது.”

அவங்கள் என்றால் ஆமிக்காரர் என்று எனக்கு விளங்கியது. போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாச் சனமும் ஒரே இரவில் வெளிக்கிட்ட இடப்பெயர்வின்போது அவளும் அவளுடைய தாயும் வீட்டு நகைகளைப் பால்மா டின்னில் போட்டு வளவில் மண்ணுக்குள் தாட்டுவிட்டுத்தான் நடந்தார்கள். பிறகு திரும்பிப் போய்க் கிண்டியபோது டின் துருப்பிடித்து அப்படியே கிடந்ததாம். கலியாணத்துக்கு முன்னர் இதை அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள், சிரித்துச் சிரித்து. லண்டனில் இத்தனை வருடம் இருந்தும் அதை ஒரு பகிடியாகத்தான் சொல்லுவாள். இப்போது அந்தப் பகிடி கழன்று போய், பயம் மட்டும் மிஞ்சியிருந்தது.

எந்த இடம் என்று கேட்டதற்கு, நாலைந்து இடத்தில் தோண்டினா என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். முதலில் மண்வெட்டியால் கிண்டினேன். புதிதாகக் கிளறிய மண் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தோண்டினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் அன்று பின்னேரம் மழை பிடித்து நாலைந்து நாள் விடவில்லை. எல்லா இடமும் ஒரே சேறாகிவிட்டது. ரோஜாக்கள் இரண்டு செத்தன. எங்கள் ஒரே மகள், சனிக்கிழமைகளில் வருவாள், வளவைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

“அப்பா, இப்பிடிக் கிண்டி ஏலாது. ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்குவம். நான் ஓடர் பண்ணிறன்.”

மெஷின் வந்தது. நீளத் தடி, அடியில் வட்டத் தட்டு, காதுக்கு ஹெட்போன். குளிருக்குத் தொப்பியும் தடித்த ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு முதல் நாள் வளவில் இறங்கினேன். தட்டைப் புல்லுக்கு மேலாக இடமும் வலமும் அசைத்து நடந்தேன். ஹெட்போனுக்குள் கிறீச்சென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. பின்னால் யாரோ நிற்பது போலத் தோன்றித் திரும்பினேன்.

மனைவி படியில் நின்றாள். ஒரு கையை மேலே தூக்கியிருந்தாள். மற்றக் கையில் நூலக அட்டையை, அடையாள அட்டையைக் காட்டுவது போல எனக்குத் தெரியும்படி நீட்டிப் பிடித்திருந்தாள்.

“மாத்தையா, ஐசி இருக்கு. வீட்டிலை ஒருத்தரும் இல்லை மாத்தையா.”

சோதனைச் சாவடியில் ஆமிக்காரனோடு சிங்களத்தில் ‘ஐயா’ போட்டுப் பேசுகிற அதே பணிவு. ஹெட்போனைக் கழற்றினேன். தொப்பியைக் கழற்றினேன். நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டு கிட்டப் போக, அவள் பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கடைசியில் நான் அந்த அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, “சரி, போங்கோ” என்று திருப்பிக் கொடுத்தேன். அப்போதுதான் கையை இறக்கினாள். உள்ளே போய்க் கதிரையில் இருந்தாள். அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபோது என்னை அடையாளம் தெரிந்தது. “எங்கை போயிருந்தனீங்கள் இவ்வளவு நேரமும்?” என்று கேட்டாள்.

அதன் பிறகு அவள், மறதி நோயாளிகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற டே சென்டருக்குப் போகிற நாட்களில் மட்டும்தான் மெஷினை எடுத்தேன். வான் வந்து அவளை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை காத்து நிற்பேன். பிறகு வளவில் கயிறு கட்டி, துண்டு துண்டாகப் பிரித்துத் தேடுவேன்.

இந்த வேலையில் இருக்கிற பெரிய வில்லங்கம், தங்கமும் சொக்கலேட் சுற்றுகிற ஈயத்தாளும் ஏறக்குறைய ஒரே சத்தம் போடும் என்பதுதான். வெள்ளியென்றால் உயர்ந்த சத்தம், இரும்பென்றால் உறுமல். தங்கத்துக்கு அப்படித் தனிக்குரல் கிடையாது. அதனால் ஒன்றையும் விட ஏலாது, எல்லாவற்றையும் கிண்டத்தான் வேண்டும். எங்கள் வளவுக்குள் எங்களுக்கு முன்னர் இருந்தவர்களின் வாழ்க்கை முழுவதும் கிடந்தது. ஆணிகள், சோடா டின்னின் வளையங்கள், பொம்மைக் கார் ஒன்று, தண்ணீர்க் குழாயின் துண்டுகள். மனைவி வைத்தவையும் வந்தன. எங்கள் வீட்டுக் கரண்டிகள், முன்கதவுப் பூட்டின் திறப்பு, மகளின் தோடு ஒன்று, ரிவியின் ரிமோட். நான் எடுக்க எடுக்க அவள் வேறு ஏதாவதைத் தாட்டுக்கொண்டிருந்தாள். கொடி மட்டும் வரவில்லை.

சத்தங்களைப் பழக வேண்டும், அதற்கு வயலுக்குப் போங்கள் என்று இணையக் குழுவில் சொன்னார்கள். லண்டனுக்குள் பூங்காக்களில் தேட விடமாட்டார்கள். எசெக்ஸ் பக்கம் ஒரு விவசாயி தன் வயலுக்குள் இறங்க அனுமதி தந்தார். மகள் வந்து தாயோடு நிற்கிற சனிக்கிழமைகளில் அங்கே போனேன். என்ன தேடுகிறாய் என்று அந்த மனிதர் கேட்டார். என் மனைவியின் தங்கச் சங்கிலி என்றேன்.

“இங்கேயா?” என்று தன் வயலை ஒரு பார்வை பார்த்தார்.

“இல்லை, என் வீட்டில்” என்றேன். அவர் வயலின் கேற்றைத் திறந்துவிட்டார்.

அந்த வயலில் எனக்குக் கிடைத்தவை தோட்டாக் கோதுகளும், ஈயத் துண்டுகளும், முகம் அழிந்த செப்புக்காசு ஒன்றும். காசில் ஒரு ராசாவின் காது மட்டும் மிஞ்சியிருந்தது. அங்கே காற்றுக்குள் தனியாக நடக்கும்போது ஆறுதலாக இருக்கும் என்று குழுவில் எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அப்படி இருக்கவில்லை. இப்போது அவள் மகளிடம் என்ன கேட்டுக்கொண்டிருப்பாள் என்றுதான் ஒவ்வொரு குழியிலும் யோசித்தேன்.

வெயில் காலத்தில் மகள் சொன்னாள், “அப்பா, போதும். வளவுக்கு ஸ்லாப் போட்டு மூடுவம். அம்மா விழுந்திடுவா.” கொடியை எடுத்த பிறகு போடலாம் என்றேன். “இனி அது என்னத்துக்கு அப்பா?” என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது தனக்கே பொறுக்காமல் எழுந்து போய் முகம் கழுவினாள்.

செப்டெம்பரில் பெருங்காற்று ஒன்று அடித்தது. உடுப்புக் காயப்போடுகிற கம்பம் அடி துருப்பிடித்துச் சாய்ந்துவிட்டது. வெட்டி இழுத்து எடுத்தேன். அந்தக் கம்பத்தைச் சுற்றி நான் ஒருநாளும் ஒழுங்காகத் தேடியதில்லை. இரும்பின் உறுமலுக்குள் வேறெந்தச் சத்தமும் கேட்காது. இப்போது தட்டைக் கொண்டுபோனபோது ஈயத்தாள் போல ஒரு மெல்லிய சத்தம் வந்தது. ஒரு சாண் ஆழத்தில் பிளாஸ்டிக் பை. அதற்குள் காலுறை. காலுறைக்குள் கொடி. சுற்றிச் சுருட்டி, நூலால் கட்டி, வலு பக்குவமாக வைத்திருந்தாள்.

சேற்றிலேயே இருந்துவிட்டேன். அழுதேனா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து, “கிடைச்சிடுச்சா அங்கிள்?” என்று அந்தப் பெண் கத்தினாள். கொடியைத் தூக்கிக் காட்டினேன். அவள் கைதட்டினாள். இந்த வருடத்தில் எனக்கு ஞாபகம் இருக்கிற ஒரே நல்ல நிமிடம் அது.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு தட்டில் வைத்து டே சென்டர் வானுக்காகக் காத்திருந்தேன். மனைவி வந்து, சப்பாத்தைக் கழற்றி, கதிரையில் இருந்தாள். தட்டை நீட்டினேன். அவள் கொடியை எடுத்து, கையில் பாரம் பார்த்து, தாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வடிவான கொடி. யாற்றை?”

“உம்மடைதான்.”

“சும்மா விளையாடாதேங்கோ. எனக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை.” கொடியைத் தட்டில் வைத்துவிட்டு என் பக்கம் தள்ளினாள். “ஆரோ துலைச்சுப்போட்டினம். அந்தப் பொம்பிளை தேடித் தேடி அழுதுகொண்டிருப்பா. கொண்டுபோய்க் குடுங்கோ, பாவம்.”

மகள் அதை எடுத்துக்கொண்டு போய் வங்கிப் பெட்டகத்தில் வைத்தாள். மனைவி அதைப் பற்றிக் கேட்பதை விடவில்லை. பெயர்களும் நாட்களும் நிற்காத தலைக்குள் அந்த ஒரு விஷயம் மட்டும் சில கிழமைகள் நின்றது.

“குடுத்திட்டியளோ?”

“ஓம், குடுத்திட்டன்.”

“சந்தோஷப்பட்டாவோ?”

“ஓம். நல்லாச் சந்தோஷப்பட்டா.”

பிறகு அதையும் கேட்காமல் விட்டாள். வளவில் எதையும் புதைப்பதையும் விட்டுவிட்டாள். இனிமேல் நிம்மதி என்று மகள் சொன்னாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவளுக்குப் பயம் போனதால் அல்ல, படியிறங்கி வளவுக்குப் போக வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வராமல் போனதால்தான் அது நின்றது. ஒக்டோபர் முழுவதும் அவள் இல்லாத நாட்களில் மெஷினை எடுத்துக்கொண்டு வளவில் நடந்தேன். ஒரு கரண்டிகூட வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஹெட்போனைக் கழற்றி வைக்கும்போதுதான் நான் எதை எதிர்பார்த்துத் தேடுகிறேன் என்பது எனக்கே விளங்கியது. ஏதாவதை ஒளித்து வைக்கிறவள் இன்னும் வீட்டில் இருக்கிறவள்.

நவம்பரில் விழுங்கக் கஷ்டப்பட்டாள். தூக்கி நிறுத்த என்னால் ஏலவில்லை. வட லண்டனில், எட்மண்டனில் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்தோம். அங்கே தமிழ் பேசுகிற பிள்ளையொன்று வேலை செய்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அது. கொண்டுபோய் விட்ட அன்று அவள் அழவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றாமல் கட்டிலின் நுனியில் இருந்து, பஸ் வருமட்டும் காத்திருக்கிறவள் போல இருந்தாள்.

அடுத்த வருடத்துத் திட்டத்தைத்தான் எழுத வேண்டும். வசந்த காலத்தில் வளவுக்கு ஸ்லாப் போடலாம் என்று மகளிடம் சம்மதித்துவிட்டேன். எசெக்ஸ் விவசாயி கோதுமை விதைத்துவிட்டார். அறுவடை முடிந்து ஓகஸ்ட்டில் வரலாம் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். வருகிறேன் என்று பதில் போட்டேன். ஓகஸ்ட்டில் அவள் எந்த நிலையில் இருப்பாள் என்று வைத்தியரைக் கேட்டேன். அதை இப்போது சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்பதை அவர் சொன்ன விதத்தில் எல்லாம் விளங்கியது. தங்கக்காசு எனக்கு வேண்டாம். வேறு என்ன வேண்டும் என்று யோசித்தால், மண்ணுக்குள் இருக்கக்கூடிய எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எட்மண்டனுக்குப் போனேன். அவளுக்குத் தலை இழுத்து, சீப்பைக் கழுவி வைத்தேன். நான் யாரென்று அவள் கேட்கவில்லை. ஆனால் அன்று கொஞ்சம் கதைக்க விருப்பமாக இருந்தாள்.

“நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?”

“முந்திப் பெற்றோல் ஸ்டேஷனிலை வேலை. இப்ப இல்லை.”

“அப்ப பகல் முழுக்க என்ன செய்வியள்?”

“வளவு கிண்டுவன்.”

“என்னத்துக்கு?”

அதற்குள் தேத்தண்ணி வண்டி வந்துவிட்டது. பணிப்பெண், புரைக்கேறாமல் இருக்கக் கெட்டியாக்கிய தேத்தண்ணியைக் கரண்டியால் பருக்கத் தொடங்கினாள். மனைவி ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக் கவனமாக விழுங்கினாள். குடித்து முடித்து வாயைத் துடைத்துவிட்டபோது தலை சாய்ந்து நித்திரையாகியிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருட்டுவதற்கு முன்னர் பஸ்ஸைப் பிடிக்க எழும்பினேன்.