கெட்டி ஜெல்லியில் நின்ற சாயம்

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சாயம் ஏறியதா என்று அறிய, தோலின் ஓரத்தை வெட்டிப் பார்ப்போம். ஏறவில்லையென்றால், தோலைச் சாயத்தோடு போட்டுச் சுழற்றும் டிரம்மில் வெந்நீர் விடுவோம்.

அன்று பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அறிவியல் கண்காட்சி. மூன்று நாளாக அவள் காத்துவந்த இரண்டு ஜெல்லிக் கிண்ணங்கள் மேசையில் இருந்தன. இளகிய ஜெல்லியில் சிவப்புச் சாயம் அடிவரை இறங்கியிருந்தது. கெட்டியானதில் மேலேயே நின்றது. அவள் குளிக்கப் போனதும் அதை வெட்டிப் பார்த்தேன். உள்ளே நிறமே இல்லை. தோற்றுவிடுவாளே என்று பதறி வெந்நீரை ஊற்றினேன். ஜெல்லி உருகி முழுதும் சிவந்தது.

"இன்னாப்பா பண்ணிட்ட?"

"சாயம் உள்ள போவல கண்ணு. சரி பண்ணேன்."

"போவக் கூடாதுப்பா! நம்ம ஒடம்பு செல்லும் இந்தக் கெட்டி ஜெல்லி மாதிரிதான், உள்ள நெரிசல் ஜாஸ்தி, புரோட்டீன் மெதுவாத்தான் நகரும். அதைக் காட்டத்தான் வெச்சேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"சாயத்தைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கத்தினேன்.

ஒற்றைக் கிண்ணத்தோடு போனாள். தேர்வாகவில்லை.

தொழிற்சாலையில் கத்தியை எடுக்கும் முன், டிரம் ஓட்டுபவரிடம் எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்காமல் இருந்ததில்லை. வீட்டில் கேட்கத் தோன்றவில்லை. கேட்காமல் வெந்நீரை ஊற்றிவிட்டு மகளிடமே கத்திய அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.