மூலையில் நின்ற ஆடு

என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சுரண்டை வண்டியில் கண்டக்டராக இருந்தவர். படிக்கட்டில் தொங்குகிறவர்களை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றியவர், இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் இடது கையால்தான் காட்ட வேண்டும். மதினி போய்ச் சேர்ந்த பிறகு தென்காசி வீட்டில் அவரும் நானும்தான். நான் வீட்டுக்காரரை இழந்து அண்ணனோடு வந்து இருப்பவள்.

அண்ணன் மகன் வெளியூரில் போலீஸ் இன்ஸ்பெக்டர். வருஷா வருஷம் சாரல் நேரத்தில் குற்றாலத்தில் குளிக்க வருவான். இந்தத் தடவை குளித்துவிட்டுப் போக மட்டும் வரவில்லை. ஆலங்குளம் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இடம் பேசி வைத்திருந்தான். மறுநாள் காலையில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவன் மனைவி சொன்னபடி நானே அண்ணனின் வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தேன். எனக்கும் வயதாகிவிட்டது, அண்ணனைத் தூக்கி உட்கார வைக்க என்னால் முடியவில்லை என்று அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இன்னொன்றும் சொன்னான். அப்பாவுக்கு ஒன்றும் புரிவதில்லை, எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்றான். அதுதான் எனக்கு நெஞ்சில் நின்றது.

அவன் சாயங்காலம் அருவியில் குளித்துவிட்டு வந்து டிவி போட்டான். அத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு பொம்மைப் படம்தான் பார்ப்பான். ஒரு தெரு, அதில் பத்து வீட்டு ஆட்கள், அவர்களுடைய சண்டையும் சமாதானமும், நாளுக்கு ஒரு கதை. வெளிநாட்டுப் படம். தமிழில் பேச வைத்திருந்தார்கள். ஆட்கள் வழுக்கி விழும்போதெல்லாம் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு படத்தில் ஒரு சாவு வீடு வந்தது. எல்லாரும் அழுகிறார்கள். அப்போது அண்ணன் சத்தமாகச் சிரித்தார். கோணிய வாயில் எச்சில் ஒழுகச் சிரித்தார்.

அண்ணன் மகன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். "பாத்தீயளா அத்தே. சாவு வீட்டப் பாத்து சிரிக்காவ. இந்த நோவுல காரணம் இல்லாம சிரிப்பு வரும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரு."

எனக்கும் சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடியிருந்தேன். அது அவனுக்குத் தெரியாது.

சிறு வயதில் சலூன் கடையில் படித்துக் கசங்கின பேப்பரை மறுநாள் அண்ணன் கேட்டு வாங்கி வருவார். அதில் நாலு கட்டத்தில் ஒரு வெளிநாட்டுப் படக்கதை தமிழில் வரும். குடை வைத்திருக்கிற ஒல்லி மனிதர் ஒருவர். என்ன வேலைக்குக் கிளம்பினாலும் ஒரு ஆடு அவருடைய சாமான் எதையாவது தின்றுவிடும். கடைசிக் கட்டத்தில் மனிதர் திகைத்து நிற்பார். மூலையில், தின்ற பொருள் வாயில் தொங்க, ஆடு பாதி தெரியும். அண்ணன் முதலில் தான் பார்த்துவிட்டு, அந்த மூலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஆடு என்ன தின்றது என்று என்னிடம் கேட்பார். நான் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தின பிறகும் எழுத்து மறக்காமல் இருந்தது அந்தக் கதையால்தான்.

அந்த ஆடுதான் டிவியில் சாவு வீட்டின் மூலையில் நின்றது. பிணத்துக்கு வைத்திருந்த மாலையை மென்றுகொண்டிருந்தது. படத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. படம் எடுத்தவனும் எங்களைப் போல அந்தக் கதையைப் படித்து வளர்ந்தவனாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று நிறுத்தியிருக்கிறான். நான் என் வீட்டுக்காரர் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லாமல் அவரைப் பற்றி ஊரெல்லாம் பேசினவள். பெயர் சொல்லாமல் ஆளைக் காட்டுகிற வித்தை எனக்குப் புதிது இல்லை.

காபி போட அடுப்படிக்குப் போனேன். அண்ணன் மகன் உத்தியோகத்துக்குப் போன நாளிலிருந்து நான் அவனை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன், அதுவும் தேவைக்கு மட்டும். ஆனால் அண்ணன் எதற்குச் சிரித்தார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. காபியைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன்.

"ஏலே, உங்கப்பாவால முடியலன்னு கொண்டு விடு. நான் குறுக்க நிக்கல. ஒண்ணும் புரியலன்னு சொல்லிக் கொண்டு விடாத. அவிய ஆட்டப் பாத்துச் சிரிச்சாவ."

"எந்த ஆடு?"

படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆடு நின்றது. திருடனைக் கூட்டத்தில் பிடிக்கிறவன் கண்ணில் முதல் தடவை அது படவே இல்லை. அவனும் அவன் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடைக்காரர் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா வேறு எதற்கோ சிரித்திருப்பார், நேரம் பொருந்திவிட்டது என்றான்.

"அப்போ வேற ஒண்ணு போடு," என்றேன்.

அதே படத்தின் வேறொரு கதையைப் போனில் எடுத்து அண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்தான். நான் படத்தில் ஒரு கண்ணும் அண்ணன் முகத்தில் ஒரு கண்ணுமாக இருந்தேன். கடைத்தெரு வந்தது, சண்டை வந்தது, ஒருவன் சாக்கடையில் விழுந்தான். அண்ணன் முகம் மாறவில்லை. அண்ணன் மகன் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றியது. பிறகு பஸ் நிறுத்தத்துக் கூட்டத்தில் குடையோடு ஒரு ஒல்லி மனிதர் வந்து நின்றார். அண்ணனின் இடது கை மெல்ல எழுந்து போனில் படத்தின் மூலையை மூடியது. கை பட்டதில் படம் நின்றுவிட்டது.

"வேண்டாம்னு தள்ளுதாவ," என்றாள் மருமகள்.

"தள்ளல. என்கிட்ட கேக்காவ."

அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் அதே பழைய குறும்பு. நான் பேப்பர் என்றேன். தலையை ஆட்டி இல்லை என்று காட்டினார். குடையா என்றேன். அதுவும் இல்லை. ஆட்டும்போதே வாய் கோணிச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அண்ணன் மகன் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் குனிந்து, சின்னப்பிள்ளைக் குரலில் கேட்டான்.

"செருப்பாப்பா?"

அண்ணன் தன் மகன் பக்கம் திரும்பினார். தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டுக் கையை எடுத்தார். மூலையில் ஆடு. வாயில் செருப்பு வார் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் போனைக் கீழே வைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தான். பிறகு வாசலுக்குப் போய், சாரலில் நனைந்துகொண்டே யாருக்கோ பேசினான். நாளைக்கு வரவில்லை என்று சொன்னது எனக்குக் கேட்டது. பையைத் திறந்து வேட்டிகளை அலமாரியில் அடுக்கினேன். மருமகளும் வந்து ஒரு கை கொடுத்தாள். தூக்கி உட்கார வைக்கப் பக்கத்துத் தெருவில் ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவர்கள் ஊருக்குப் போனார்கள்.

இப்போது சாயங்காலமானால் அவன் போனில் முகம் காட்டிக் கூப்பிடுகிறான். எடுத்ததும் பேசுவதில்லை. வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அப்பாவையே பார்க்கிறான். இன்றைக்கு அவன் என்ன தின்றான் என்று அண்ணன் கண்டுபிடிக்க வேண்டும். நேற்று அண்ணன் இடது கையால் கட்டில் சட்டத்தில் பட்பட்டென்று அடித்து, மாவை வீசுகிற மாதிரி காட்டினார். புரோட்டா என்று நான் சொல்வதற்குள், கையை எடுத்துவிட்டு அவன் அங்கே சிரித்துக்கொண்டிருந்தான். மீசையில் சால்னா ஒட்டியிருந்தது.