பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை ஜப்பான்

ஜப்பான்காரர்கள் மேல் எனக்கு எந்தப் பகையும் இருந்ததில்லை, என் மகள் அந்த ஊருக்குப் போகிறேன் என்று சொல்கிறவரைக்கும்.

நர்சிங் முடித்துவிட்டு, வேலூரில் விடுதியில் தங்கி ஜப்பான் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்களாம். நேர்முகத் தேர்வுக்கு ஒரிஜினல் சான்றிதழ்கள் வேண்டும். அவை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தன. பெட்டிச் சாவி என் இடுப்பில் இருந்தது.

"தரமாட்டேன் போடி. வயசானவங்களப் பாத்துக்கணும்னா இங்க நான் இல்ல?" என்று போனில் கத்தினேன். அவள் வைத்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. நாற்பது நாள்.

இதற்கெல்லாம் காரணம் அந்த அனிமேதான் என்பது என் தீர்ப்பு. பெரிய பெரிய கண் வைத்த பொம்மைப் படங்களைப் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கிறுக்கு பிடித்தது. அப்படி என்னத்தைக் காட்டி என் பிள்ளையை மயக்கினார்கள், அதையும் பார்த்துவிடுவோம் என்று நானே களத்தில் இறங்கினேன். அவள் விட்டுப்போன பழைய போனில் அந்த ஆப் இருந்தது. தமிழிலேயே பேசுகிறார்கள், அது ஒன்று நல்லது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுக் கதைகளாக இறக்குகிறார்கள். அதற்கு சீசன் என்று பேர். மழையை நம்பி வருஷத்துக்கு ஒருமுறை சாமை விதைக்கிற எங்களுக்கு அதுவே பொறாமைதான். அப்போதுதான் ஒரு சீசன் முடிந்திருந்தது. கதைக்குப் பன்னிரண்டு பாகம். மலைமேல் இருக்கிற எங்கள் ஊரில் டவர் கிடையாது. சந்தை நாளில் ஜமுனாமரத்தூர் போய் டவுன்லோடு செய்துகொண்டு வருவேன். நான் அங்கன்வாடி டீச்சர். கதை சொல்வதே தொழிலாக இருக்கிற எனக்கு, கதையைப் பற்றிக் கருத்துச் சொல்ல யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

முதல் கதை ஒரு விவசாயியைப் பற்றி. எடுத்த எடுப்பிலேயே அவனுக்கு மாளிகை, குதிர் குதிராகத் தானியம், காவலுக்கு ஒரு டிராகன். மண்வெட்டியை ஒருமுறை ஓங்கினால் காடு முழுக்க அறுவடை. களை கிடையாது. காட்டுப்பன்றி கிடையாது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனால் பாகத்துக்குப் பாகம் அவன் சொத்து கரைந்தது. மாளிகை குடிசையானது. டிராகன் சின்னதாகிக் கடைசியில் முட்டைக்குள் போய்விட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "ஏம்மே, எதுவா இருந்தாலும் முட்டைலேர்ந்து வெளிய தான வரும்?" என்றார்.

"அது ஜப்பான்ல அப்படிங்க. சும்மா பாருங்க."

முடிவில் அவனை ஏதோ டவுன் ரோட்டில் லாரி அடித்துப் போட்டது. நன்றாக வேண்டும். களை எடுக்காமல் சோறு தின்றவனுக்கு வேறென்ன கிடைக்கும்? எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

இரண்டாவது, பள்ளிக்கூடத்துக் காதல். ஆரம்பத்திலேயே இரண்டு பேரும் திருவிழாவில் கையைக் கோத்துக்கொண்டு, ஆயுசு முழுக்க உன்னோடுதான் என்கிறார்கள். நாலு பாகம் போனதும் கையை விட்டுவிட்டார்கள். அப்புறம் நேருக்கு நேர் பேச்சில்லை. கடைசிப் பாகத்தில் மழைக்கு ஒரே கூரையடியில் ஒதுங்கி நின்றுகொண்டு, "உங்க பேர் என்ன?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். நான் ஆடிப்போய்விட்டேன். இல்லறத்தை இவ்வளவு உண்மையாக யாரும் எடுத்ததில்லை.

சாமைக் காட்டில் களை எடுக்கும்போது என் ஓரகத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டாள். "அய்ய, அப்படியே எங்க வூடுதான்க்கா! அந்த ஆளு என்னப் பேர் சொல்லிக் கூப்ட்டு எத்தினி வருசமாச்சு!" என்றாள். அன்றைக்குப் பாதிக் காடுதான் முடிந்தது.

இந்தக் கருத்துகளையெல்லாம் மகளுக்கும் குரல் பதிவாக அனுப்பினேன். சண்டை சண்டையாக இருக்கட்டும், விமர்சனம் வேறு. ஊருக்கு வெளியே பஸ் ரோட்டில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால் கொஞ்சம் டவர் வரும். கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழும். பதில் மட்டும் வராது. கல்நெஞ்சுக்காரி, என்னைப் போலவே.

மூன்றாவது கதையில்தான் நான் விழுந்தேன். ஒரு பெண். முதலில் பெரிய கப்பலையே தனியாக ஓட்டுகிறாள், கடலே அவளுக்கு வழிவிடுகிறது. அப்புறம் பாவம், அவளுக்குச் சின்னப் படகுதான் கொடுத்தார்கள். அதையும் பிடுங்கிக்கொண்டு தளத்தைக் கழுவ விட்டார்கள். ராத்திரியெல்லாம் அழுகிறாள். பாஷை தெரியாமல் முழிக்கிறாள். கடைசிப் பாகத்தில் மலைமேல் ஒரு வீடு. அம்மாவோடு பெரிய சண்டை காட்டினார்கள். பழசை நினைத்துப் பார்க்கிறாளாக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் கையில் பையோடு வாசலில் நிற்கிறாள். அம்மா எதிரே வந்து, "சாப்பிட்டியா?" என்கிறாள். அவ்வளவுதான், பாட்டு போட்டு முடித்துவிட்டார்கள்.

முந்தானை நனைகிற அளவுக்கு அழுதேன். உடனே பாறைக்கு ஓடினேன்.

"பாப்பா, அந்தக் கப்பல்காரப் பொண்ணு வூட்டுக்குத் திரும்பி வந்துட்டா. அவங்கம்மா ஒரு வார்த்த திட்டல. சாப்ட்டியான்னுதான் கேட்டாங்க. நானா இருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பேன். இவ்ளோ நல்ல அம்மாவ நான் எங்கயும் பாத்ததில்ல. நீயும் வந்துடு பாப்பா. நான் திட்டமாட்டேன்" என்று பேசி அனுப்பினேன்.

பாறையை விட்டு இறங்குவதற்குள் போன் அடித்தது. நாற்பது நாளுக்கப்புறம் அவள் குரல்.

"இன்னாம்மா சொல்ற? அவ எப்ப வூட்டுக்கு வந்தா?"

"கடைசி பாகத்துல வர்றாளே."

"கடைசின்னா எந்த நம்பரு?"

"ஒண்ணு."

அவள் சிரித்தாள். மூச்சு முட்டுகிற அளவுக்குச் சிரித்தாள். "அய்யோ அம்மா! எல்லாத்தயும் பின்னாலேர்ந்து பாத்துக்கினு வந்திருக்கிற!"

அந்த ஆப் புதியதை மேலே வைத்திருந்தது. மேலே 12/12, அதற்குக் கீழே 11/12, அப்படியே போய் அடியில் 1/12. எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. எங்கள் மலையிலிருந்து இறங்கினால் கொண்டை ஊசி வளைவுப் பலகைகள் அப்படித்தான் வரும். பெரிய எண்ணில் புறப்பட்டு ஒன்றில் முடியும். ஒன்று வந்தால் தரை வந்துவிட்டது, வாந்தி எடுக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காரலாம். பிறந்ததிலிருந்து எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் கடைசி எண்ணில்தான் எனக்குப் பயணம் தொடங்கியிருக்கிறது. கீழேயிருந்து மேலே வருகிறவர்கள் கணக்கு எனக்கெப்படித் தெரியும்?

"அப்ப அந்த லாரி?"

"லாரி அடிச்சு செத்ததுக்கப்புறம்தாம்மா அவன் அந்த டிராகன் இருக்கிற ஒலகத்துக்கே போறான்."

"கப்பல்காரப் பொண்ணு?"

அவள் சிரிப்பு நின்றது. "வூட்ட வுட்டுக் கெளம்புறாம்மா. சண்ட போட்டுட்டு, கடைசில அவங்கம்மா சாப்ட்டியான்னு கேட்டு அனுப்பி வைக்கிறாங்க. கப்பல் ஓட்றதுதான் முடிவு."

எனக்கு எரிச்சல் வந்தது. ஏமாற்றிவிட்டார்கள். என் கண்ணீரை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள். "அந்தப் பொம்பளைக்கு அறிவிருக்குதா? இன்னாத்துக்குடி அனுப்புனா?"

"தெரியலம்மா. இவ்ளோ நல்ல அம்மாவப் பாத்ததில்லன்னு நீதான சொன்ன?"

பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்ன கருத்தை நானே வாபஸ் வாங்குவது எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த சந்தை நாளன்று பெட்டியைத் திறந்தேன். சான்றிதழ்களை மஞ்சள் பையில் வைத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவளுக்குச் சொல்லப் புத்திமதி சேர்த்துக்கொண்டே போனேன். வேலூர் பஸ் ஸ்டாண்டில் அவள் இளைத்துப்போய் நின்றுகொண்டிருந்தாள். பையை அவள் கையில் கொடுத்தேன். புத்திமதி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"சாப்ட்டியா?" என்றேன்.

அவள் தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது மலையடிவாரத்தில், ஏற்றம் தொடங்குகிற இடத்தில், ஒன்று என்ற பலகையைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். பக்கத்தில் இருந்தவர் வாந்தி என்று நினைத்து, அவசர அவசரமாக எழுந்து ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.